ஒற்றைக் குச்சி மரபு

புகைக்குழல் ரசிகர் பேரவை என்று பெயர்ப்பலகை சொல்லும். பெயரைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம். மடியில் உட்காரக் கூச்சப்படாவிட்டால் மொத்தப் பேரவையும் ஒரே காரில் ஏறிவிடலாம். ஒரு மெத்தைக் கடையின் மாடியில் இருக்கும் அறைதான் தலைமையகம். நீள மேசை ஒன்று, ஒன்றுக்கொன்று உறவில்லாத நாற்காலிகள், தெருவைப் பார்த்த ஒரு சன்னல். கீழே பஞ்சு அடைப்பார்கள்; மேலே பைப்பில் புகையிலை அடைப்பார்கள்.

இதில் இருக்கிற விபரீதம் மெத்தைக் கடைக்காரருக்குச் சாவி கொடுக்கிற அன்றே புரிந்திருந்தது. "வாடகை முன்னப்பின்ன வந்தாலும் பரவாயில்ல சார். ஆனா என் தலைக்கு மேல ஆளாளுக்குத் தீக்குச்சி உரசினீங்கன்னா எனக்குத் தூக்கம் வராது. லைட்டர் கிட்டர் கூடவே கூடாது. ஒரு சாயங்காலத்துக்கு ஒரு குச்சி. ரெண்டாவது குச்சி உரசற சத்தம் கேட்டா உங்க மேசை நாற்காலி தெருவுல கிடக்கும்" என்று சொல்லித்தான் கொடுத்தார்.

வேறு ஆட்களாக இருந்தால் வேறு இடம் பார்த்திருப்பார்கள். பேரவை ஒரு மரபைக் கண்டுபிடித்தது. வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்ற செயலாளர், கடைக்காரரின் மிரட்டலை எடுத்து, தூசு தட்டி, தத்துவமாக்கி, கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார். 'ஒரே குச்சி, ஒரே சுடர், ஒரே மூச்சு.' அதன்படி சனிக்கிழமை சாயங்காலங்களில் தலைவர் எழுந்து நின்று ஒரு குச்சியை உரசுவார். தன் பைப்பைப் பற்றவைப்பார். குச்சி அணைவதற்குள், தேன்மெழுகில் தோய்த்த சணல் திரி ஒன்றை அதிலேயே கொளுத்துவார். பித்தளைத் தட்டில் அந்தத் திரி மேசையைச் சுற்றி வரும். மற்றவர்கள் குனிந்து, பக்தியோடு, அதிலிருந்து பற்றவைத்துக்கொள்வார்கள்.

குச்சியை உரசும் உரிமை தலைவருக்கு மட்டும்தான். இது சட்டத்தில் எழுதப்படவில்லை. அதனால்தான் யாரும் மீறவில்லை. பழைய தலைவர் ஒருநாள் இருமலில் தவித்தபோது பக்கத்திலிருந்தவர் பெட்டியை வாங்கிக் குச்சியை உரசிவிட்டார். அடுத்த கூட்டத்தில் உரசியவரே தலைவர். பழையவர் வருவதையே நிறுத்திவிட்டார். அன்றிலிருந்து அந்தத் தீப்பெட்டியில் கை வைப்பதும் தலைவர் நாற்காலியில் உட்காருவதும் ஒன்று என்றாகிவிட்டது. செயலாளருக்கும், உறுப்பினர்களில் ஒருவரான பல் டாக்டருக்கும் அந்த நாற்காலி மேல் ஒரு கண் உண்டு. ஒருவர் கண் அங்கே போவதை மற்றவர் கண் பார்த்துக்கொண்டே இருந்ததால் நாற்காலி பத்திரமாக இருந்தது.

அப்படி உரசித் தலைவரானவர் எடை அளவு ஆய்வாளராக வேலை பார்த்தவர். அவர் சந்தைக்குள் நுழைந்தால் தராசு முள் தானாக நடுவில் வந்து நிற்கும் என்பார்கள். தராசைப் பிடித்தவன் கை நடுங்கினால் போதும், எடைக்கல்லைத் திருப்பிப் பார்த்துவிடுவார். ஓய்வு பெற்ற பிறகு சோதிக்கக் கல் கிடைக்காமல் குச்சியைப் பிடித்துக்கொண்டார்.

"லைட்டர்ங்கிறது அவசரக்காரன் சாமான்" என்று தொடங்குவார். "பெட்ரோல் லைட்டர்ல பத்தவெச்ச புகையிலை, மெக்கானிக் கடையில எலை போட்டுச் சாப்பிட்ட மாதிரி. கேஸ் லைட்டர் சீறுது. பைப்போட விளிம்பைக் கருக்கிடும். காகிதக் குச்சியைப் பத்தி நான் பேசவே மாட்டேன்." பிறகு அதைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசுவார். "மரக்குச்சி. நீளக் குச்சி. உரசினதும் பைப்புகிட்ட கொண்டு போகாதே. தலையில இருக்கிற மருந்து எரிஞ்சு தீரட்டும். தீ கோபம் தணிஞ்சு மஞ்சளாகட்டும். அப்புறம் புகையிலை மேல ஒரு வட்டம். வட்டம்! குத்தாதே."

இதை ஒவ்வொரு வாரமும் சொல்வார். ஒவ்வொரு வாரமும் இன்னொரு உறுப்பினரான வக்கீல் முதல் தடவை கேட்பதுபோல் "அடடா" என்பார். அந்த 'அடடா'வுக்காகத்தான் தலைவர் வாரம் முழுக்க உயிரோடிருந்தார் என்றால் அது கொஞ்சம் மிகை. ரொம்ப மிகையில்லை.

மழைக்காலம் ஒன்றில் அவர் கை நடுங்கத் தொடங்கியது.

முதல் வாரம் குச்சி பெட்டியின் பக்கவாட்டில் பட்டு முறிந்தது. ஒரு குச்சி முடிந்தது. அன்று யாருக்கும் தீ இல்லை. "ஈரக் குச்சி" என்றார் வக்கீல். அடுத்த வாரம் குச்சி பற்றியது, மருந்து எரிந்து தீர்ந்தது, தீ மஞ்சளானது. ஆனால் வட்டம் போட வேண்டிய கை ஆகாயத்தில் ஏதோ கையெழுத்துப் போட்டது. தீ பைப்பைத் தவிர எல்லா இடத்துக்கும் போய், மீசை நுனியைக் கருக்கிவிட்டு அணைந்தது. "காத்து" என்றார் பல் டாக்டர். சன்னல் சாத்தியிருந்தது. எல்லோரும் சாத்தியிருந்த சன்னலைக் குற்றம் சொல்வதுபோல் பார்த்தார்கள்.

அதற்கடுத்த வாரமும் தீ பிறக்கவில்லை. அப்போதுதான் செயலாளர் தன் வாழ்நாள் சாதனையைச் செய்தார். அணைந்த பைப்பை வாயில் வைத்து, கண்ணை மூடி, நெடுக இழுத்தார்.

"கவனிச்சீங்களா? பத்தவைக்காத புகையிலையிலதான் அசல் மணம் இருக்கு. தீ பட்டதும் அது போயிடுது. தலைவர் இத்தனை வாரமா நமக்கு வாயால சொல்லாம எதையோ உணர்த்திட்டிருக்காரு."

"குளிர்ப் புகை" என்று பெயர் வைத்தார் வக்கீல்.

"அபாரம்" என்றார் பல் டாக்டர், வெறும் காற்றை ஊதியபடி.

தலைவரும் இழுத்துப் பார்த்தார். கிடங்கில் பூட்டிவைத்த சாக்கின் வாசனை வந்தது. ஆனாலும் தலையை ஆட்டினார். யாரும் கையைப் பற்றிக் கேட்கவில்லை. அது போதும் என்றிருந்தது. பல வாரங்கள் அப்படியே போயின. வளர்ந்த ஆண்கள் வட்டமாக உட்கார்ந்து, தீயில்லாத பைப்பை உறிஞ்சி, ருசியைப் பற்றி விவாதித்தார்கள். மெத்தைக் கடைக்காரர் மட்டும் நிம்மதியாக இருந்தார்.

ஒரு சனிக்கிழமை கூட்டம் முடிந்ததும் தலைவர் "நீங்க முன்னால போங்க, சன்னலைப் பாத்துட்டு வரேன்" என்றார். படியிறங்கும்போது கைப்பிடியைப் பற்றுகிற லட்சணத்தை யாரும் பார்க்க வேண்டாமே என்றுதான். கொக்கியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவர் தற்செயலாகக் கீழே பார்த்தார்.

தெருமுனையில், மூடிய சலூன் வாசலில், பேரவை கூடியிருந்தது. ரோஸ் நிறப் பிளாஸ்டிக் லைட்டர் ஒன்று கைமாறிக்கொண்டிருந்தது. பெட்டிக்கடையில் நூல் கட்டித் தொங்கவிடுகிற ரகம். பல் டாக்டர் பற்றவைத்து வக்கீலிடம் கொடுத்தார்; வக்கீல் செயலாளருக்குக் கையைக் குவித்துக் காற்று மறைத்தார். விளக்குக் கம்பத்தின் வெளிச்சத்தில் புகை கொழுகொழுவென்று எழுந்தது. ஏதோ சொல்லி எல்லோரும் சிரித்தார்கள். மாடியறையில் அப்படி ஒரு சிரிப்பை அவர் கேட்டதில்லை. கேலி இல்லை அது. கேலியாக இருந்திருந்தால் கோபித்துக்கொள்ள வசதியாக இருந்திருக்கும். வாத்தியார் போன பிறகு பிள்ளைகள் சிரிக்கிற சிரிப்பு.

எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. எத்தனை வாரமாகவோ தெரிந்திருக்கிறது.

அவர் கொக்கியை விட்டுவிட்டு அவர்கள் கலையும்வரை சுவரோரம் நின்றார்.

வீட்டில் மனைவிக்கு இது செய்தியே இல்லை. சிந்தாமல் இருக்க, அவர் டம்ளரில் அவள் அரை டம்ளர் காபிதான் ஊற்றிக்கொண்டிருந்தாள், ரொம்ப நாளாக. நரம்பு டாக்டரிடம் இழுத்துப் போனவளும் அவள்தான். டாக்டர் விரலைத் தொடச் சொன்னார், கோடு போடச் சொன்னார், கோட்டைப் பார்த்தார். "குறைக்கலாம். போக்க முடியாது. மறைக்கப் பாக்காதீங்க; மறைக்க மறைக்க நடுக்கம் அதிகமாகும். பழகறவங்ககிட்ட சொல்லிடுங்க" என்றார். புகையிலையையும் விடச் சொன்னார். அது எல்லோருக்கும் சொல்வது என்பதால் தலைவர் காதில் வாங்கவில்லை.

"சொல்லிடுங்கன்னாரே, சொன்னீங்களா?" என்றாள் மனைவி.

"சமயம் வரட்டும்."

"வரும் வரும். கைக்குக் கால் துணை சேர்ந்ததும் வரும்."

"வாயை மூடிட்டு இரேன்."

"நான் மூடிக்கறேங்க. நீங்க திறங்க. அதைத்தான் டாக்டர் சொன்னாரு."

அவளுடைய தம்பி கடைவீதியில் ஒரு பொந்து வைத்திருந்தான். லைட்டர், கைக்கடிகார வார், டார்ச் பல்பு, சாவி நகல். அக்காள் புருஷன் வாழ்நாளில் அந்தக் கடைப்படி மிதித்ததில்லை. லைட்டர் விற்பவனுக்குப் பெண்டாட்டியின் தம்பி என்ற தகுதி இருப்பதையே அவர் சிரமப்பட்டுத்தான் ஒப்புக்கொண்டிருந்தார். மறுநாள் அவர் உள்ளே நுழைந்ததும் மைத்துனன் முக்காலியைத் துடைத்துப் போட்டான்.

"வாங்க அத்தான்! வழி தவறி வந்துட்டீங்களா, இல்ல மெக்கானிக் கடைன்னு நெனச்சு வந்தீங்களா?"

"பேச்சைக் குறைடா மச்சான். பைப்புக்கு லைட்டர் காட்டு."

"யாருக்குன்னு கேக்க மாட்டேன். உங்க நண்பர் ஒருத்தருக்கு. அப்படித்தானே?"

"ஆமா. ஒருத்தருக்கு."

மைத்துனன் கண்ணாடிப் பலகையில் ஒவ்வொன்றாக அடுக்கினான். பெட்ரோல் லைட்டரின் சக்கரத்தில் அவர் கட்டைவிரல் வழுக்கிக்கொண்டே இருந்தது. பொறி வந்தது, தீ வரவில்லை. கேஸ் லைட்டரில் குழந்தைகள் அழுத்திவிடக் கூடாதென்று ஒரு பூட்டு வைத்திருந்தார்கள். அதைத் தள்ளிக்கொண்டே அழுத்த வேண்டும். குழந்தைகளோடு சேர்ந்து அவரும் தோற்றார். பைப்புக்கென்றே செய்தது, தீ பக்கவாட்டில் சாய்ந்து வருவது ஒன்றிருந்தது. அது பற்றியது. ஆனால் தீ ஒரு பக்கம் ஆட, வாயிலிருந்த பைப் இன்னொரு பக்கம் ஆட, இரண்டும் சந்திப்பதாயில்லை.

"இதைப் பாருங்க அத்தான். அடுப்பு பத்தவைக்கிற நீள மூக்கு. கையைச் சுடாது. அக்காகிட்ட இருக்கறதோட அண்ணன்."

நீளம் கூடியதில் நடுக்கமும் கூடியது. கையில் சின்னதாக இருந்த ஆட்டம் மூக்கு நுனிக்குப் போகும்போது பெரிதாகி, தொங்கிக்கொண்டிருந்த கடிகார வார்களை எல்லாம் விசாரித்துவிட்டு வந்தது. ஒரு வார் கருகி நாறியது.

மைத்துனன் அடுத்த கிண்டலுக்கு வாயைத் திறந்தவன், திறந்தபடியே அந்தக் கையைப் பார்த்தான். பிறகு லைட்டரை மெதுவாக வாங்கிக் கீழே வைத்தான்.

"எப்போலேருந்து அத்தான்?"

அவர் அந்தக் கையால் பைப்பைப் பற்றிக்கொண்டார். மைத்துனன் பலகையின் கீழே குனிந்து தன் சொந்தத் தீப்பெட்டியை எடுத்தான், ஒரு குட்டைக் குச்சியை உரசினான், எட்டி வந்து பைப்பின் மேல் பிடித்தான். மருந்து எரிந்து தீரக் காத்திருக்கவில்லை. வட்டம் போடவில்லை. ஒரே இடத்தில் குத்தினான். விதிப்படி எல்லாமே தப்பு. அவன் இன்னொரு கையால் தலைவரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

புகை வந்தது. எத்தனையோ வாரங்களுக்குப் பிறகு. கந்தக நெடியோடு, கொஞ்சம் கசப்பாக, சூடாக. அவர் இழுத்தார். மறுபடி இழுத்தார். வாடிக்கையாளர் ஒருவர் வந்து டார்ச் பல்பு கேட்டுவிட்டு, பதில் கிடைக்காமல் போனார்.

"இவ்வளவுதானா?" என்றார் தலைவர்.

"எது?"

"ஒண்ணுமில்ல."

அன்று சாயங்காலம் அவர் வீட்டில் சொன்னார்: "வர்ற சனிக்கிழமை சொல்லிடப் போறேன். கை வரலை, நீங்க யாராவது பத்தவெச்சுக் கொடுங்கன்னு கேட்டுடப் போறேன். அதுக்கப்புறம் தலைவர் பதவி யாருக்கு வேணுமோ எடுத்துக்கட்டும். எனக்கு உக்கார ஒரு நாற்காலி இருந்தா போதும்."

மனைவி நிமிர்ந்து பார்த்தாள். அவர் வாயிலிருந்து 'கேட்டுடப் போறேன்' என்ற சொல் வந்து பல வருஷம் ஆகியிருந்தது.

"நல்லது. அத்தனை கையில ஒரு கை நீளாதா?"

"நீளும்."

"நீளலைன்னா?"

"நீளும்டி. பல வருஷப் பழக்கம்" என்றார். ஆனால் அவர் முகம், நாளை வரப்போகும் ஆய்வாளரை நினைத்துக் கல்லைத் தடவிப் பார்க்கிற கடைக்காரனின் முகமாக இருந்தது. அந்த மாடியறையை விட்டால் அவருக்குப் போக இடமில்லை. மகன் கடல் தாண்டி இருந்தான். அலுவலகத்தில் இப்போதிருப்பவர்களுக்கு அவர் யாரென்றே தெரியாது. ஒரு கை நீண்டால் அங்கே அவர் ஒரு நோயாளி நண்பர். நீளாவிட்டால் என்ன என்று அவர் யோசிக்கவில்லை. யோசிக்கக் கூடாதென்று முடிவு செய்திருந்தார்.

சனிக்கிழமை எல்லோரும் பைப்பை அடைத்து வைத்துக் காத்திருந்தார்கள். தலைவர் எழுந்தார். தீப்பெட்டியை எடுத்தார். உள்ளே குச்சிகள் கிலுகிலுவென்று ஆடின. அவர் அந்தச் சத்தத்தை மறைக்கவில்லை.

"இந்தச் சத்தம் உங்களுக்குக் கேக்குது. ரொம்ப நாளா கேக்குது. எனக்குக் கை நடுங்குது. நரம்புல கோளாறு. டாக்டர்கிட்ட போனேன், இது போகாதாம். குச்சியும் ஈரமில்ல, காத்தும் அடிக்கல. குளிர்ப் புகைன்னு ஒண்ணும் கிடையாது. எனக்கு உரச வரலை, அவ்வளவுதான்." மூச்சு வாங்கிக்கொண்டார். "யாராவது எனக்குப் பத்தவெச்சுக் கொடுங்கப்பா."

பெட்டியை வலப்பக்கம் நீட்டினார். வலப்பக்கம் பல் டாக்டர்.

பல் டாக்டர் வாங்கிக்கொண்டார். நல்ல மனிதர்தான், வாங்கியதும் கட்டைவிரல் தானாகப் பெட்டியைத் தள்ளியது. பாதி திறந்தது. ஒரு குச்சியின் தலைகூட வெளியே தெரிந்தது. அந்த நேரம் பார்த்துச் செயலாளர் தொண்டையைச் செருமினார். பல் டாக்டர் அந்தப் பக்கம் பார்த்தார். செயலாளரின் கண், குச்சியின் மேல் இருந்த விரலைப் பார்த்துக்கொண்டிருந்தது. 'ஓகோ, அப்படியா சேதி' என்றது அந்தக் கண். பல் டாக்டரின் காதுமடல் சிவந்தது. நாற்காலிக்கு ஆசைப்பட்டு நோயாளியின் கையிலிருந்து பெட்டியைப் பறித்தவன் என்று நாளைக்கே பேச்சு வரும். அவர் பெட்டியை மூடினார். மூடிய பெட்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டு கையாலும் ஏந்தி, பக்கத்தில் இருந்த வக்கீலிடம் கொடுத்தார்.

வக்கீலுக்கு நாற்காலி ஆசை கிடையாது. இருவரில் யாரையும் பகைத்துக்கொள்ளவும் ஆசை கிடையாது. அவர் பெட்டியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "அடடா" என்றார். அடுத்தவரிடம் கொடுத்தார். அடுத்தவரும் ஒற்றிக்கொண்டார். பெட்டி மேசையைச் சுற்றி வந்தது, கை மாறி, கண் மாறி. தலைவர் நின்றுகொண்டே அதன் பின்னால் பார்வையைக் கொண்டுபோனார். ஒவ்வொரு கையிலும் அது நின்றபோது அவர் பைப்பை வாயருகே கொஞ்சம் உயர்த்தினார். கடைசியில் செயலாளர் அதை வாங்கி, தலைவர் முன்னால் பித்தளைத் தட்டில் வைத்தார்.

"நண்பர்களே" என்றார் செயலாளர். குரல் தழுதழுத்தது, அது நடிப்பில்லை என்பதுதான் கொடுமை. "எத்தனை பெரிய மனசு! நம்ம எல்லாருக்கும் பங்கு கொடுக்கணும்னு தன்னைத் தாழ்த்திக்கிட்டுப் பேசறாரு. 'என்னால முடியலை'ன்னு சொல்ற துணிச்சல் எந்தத் தலைவனுக்கு வரும்? இனிமே நம்ம கூட்டம் இப்படித்தான் தொடங்கும். தலைவர் பெட்டியைக் கொடுப்பாரு. அது உரசாம சுத்தி வந்து அவர்கிட்டயே சேரும்."

"இல்ல" என்றார் தலைவர். "நான் நிஜமாத்தான் சொல்றேன். எனக்கு உடம்பு சரியில்ல."

வக்கீல் கை தட்டத் தொடங்கினார். எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள். பல் டாக்டர் மற்றவர்களைவிடப் பலமாக, தட்டையே பார்த்தபடி தட்டினார்.

கீழேயிருந்து மெத்தைக் கடைக்காரர் கத்தினார்: "மேல என்ன சார் சத்தம்? எத்தனை குச்சி?"

"ஒண்ணுகூட இல்ல!" என்று செயலாளர் பெருமையோடு கத்தினார்.

கூட்டம் முடிந்ததும் தலைவர் அன்று முதலில் இறங்கினார். வீட்டுப் பக்கம் திரும்பாமல் தெருமுனைக்குப் போனார். மூடிய சலூன் வாசலில், விளக்கடியில், அடைத்த பைப்போடு நின்றார். இங்கே மேசை இல்லை, சட்டம் போட்ட தத்துவம் இல்லை, நாற்காலி இல்லை. இங்கே அந்த ரோஸ் நிற லைட்டர் யார் கையிலிருந்தும் யாருக்கும் போகும்.

அவர்கள் பேசிக்கொண்டே வந்தார்கள். வெளிச்சத்தில் அவரைக் கண்டதும் பேச்சு நின்றது. செயலாளர் சட்டைப் பைக்குள் போன கையை வெறுமனே வெளியே எடுத்தார்.

"வணக்கம் தலைவரே. மறக்க முடியாத கூட்டம்."

"வணக்கம் தலைவரே."

"பாத்துப் போங்க தலைவரே."

ஆளுக்கொரு தெருவாகப் பிரிந்தார்கள். செயலாளரின் வீடு இருக்கும் திசை தலைவருக்குத் தெரியும். செயலாளர் எதிர்த் திசையில் போனார்.

வீட்டில் மனைவி கதவைத் திறந்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"முழுசா?"

"முழுசா."

"என்ன சொன்னாங்க?"

"கை தட்டினாங்க."

அவர் செருப்பைக் கழற்றச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் குனிந்து வாரைத் தளர்த்திவிட்டாள்.

"அடுத்த வாரம் போக வேண்டாங்க" என்றாள், குனிந்தபடியே.

"எப்படிப் போகாம இருக்கிறது?" என்றார் தலைவர். "நான் போகலைன்னா பெட்டியைச் சுத்தி அனுப்ப அங்க ஆள் இல்ல."